விடுமுறை இல்லாத எண்

...முதல் வரியில் அதுதான் நின்றது, டோக்கியோவையும் தைவானையும் ஹாங்காங்கையும் கீழே தள்ளிவிட்டு, எஸ்ஜிகே என்று மூன்றெழுத்து, பக்கத்தில் பச்சைப் புள்ளி, இன்றைக்குக் கைவைக்க இதைவிட நல்ல இடம் ஆசியாவிலேயே இல்லை என்று நான் எழுதிய கருவி எனக்கே சொல்கிறது, நானும் காப்பிக் குவளையை வாய்வரைக்கும் கொண்டுபோனவன் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மணி ஒன்பதே முக்கால், ஈப்போ வெயில் சுண்ணாம்பு மலையின் முகத்தில் ஏற ஆரம்பித்துவிட்டது, கீழே பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் காரைக் கழுவுகிறார், எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள், இது மட்டும் எதற்கு இங்கே வந்தது? எஸ்ஜிகே எந்த நாட்டுப் பங்குச் சந்தையும் இல்லை. சுங்காய் என்ற ஊர்ப் பெயரை நான் சுருக்கி வைத்த எழுத்துகள் அவை. அது என் அப்பா இளையதம்பியின் நாடித்துடிப்பு. அவர் இறந்து இன்றோடு இருபத்தெட்டு நாள்.

எழுபத்தொன்று என்றது திரை. எழுபத்திரண்டு. எழுபது. எழுபத்தொன்று... அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நேரத்து எண்கள். இதை முதலில் பார்த்தது விசாலி, கோலாலம்பூரில் இருக்கிறாள், செட்டியார் வீட்டுப் பெண், அவள் அப்பா காலத்து நிதி நிறுவனத்தை இப்போது நடத்துகிறாள், என் கருவிக்கு இருக்கும் ஒரே வாடிக்கையாளர், காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள், "அண்ணே, எஸ்ஜிகே எந்த மார்க்கெட் லா? இவ்ளோ அழகா இருக்கு, மத்ததெல்லாம் பொய் மாதிரி தெரியுது." தப்பு என்னுடையதுதான். துக்கம் முடியுமுன்பே வேலைக்குத் திரும்பியவன் நேற்று மத்தியானம் புதிய பதிப்பை ஏற்றினேன், சோதனைக்காக வைத்திருக்கும் எண்களை மறைக்கும் ஒரு கட்டத்தைத் தட்ட மறந்துவிட்டேன், அவ்வளவுதான், சொதப்பல், பத்து விநாடியில் சரிசெய்யக்கூடியது. ஆனால் மறைத்துவிட்டால் மட்டும்? மறைந்த பிறகும் அது உள்ளே ஓடிக்கொண்டுதானே இருக்கும், இந்த இருபத்தெட்டு நாளும் ஓடியதைப் போல. விசாலிக்கு இன்னும் பதில் போடவில்லை.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பிரதீபா அக்காவுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன், பதினோராவது தடவையும் சூதாட்டமா தம்பி என்று கேட்பாள். ஒவ்வொரு சந்தைக் குறியீட்டுக்கும் இரண்டு ஆட்டம் உண்டு. வரப்போகும் நாட்களில் அது எவ்வளவு துள்ளும் என்று ஆட்கள் பயப்படுவது ஒன்று, அந்தப் பயத்துக்குச் சந்தையிலேயே விலை இருக்கிறது, காப்புறுதி வாங்குகிற மாதிரி வாங்குவார்கள், பயம் கூடினால் விலை கூடும். அது நிஜமாகவே எவ்வளவு துள்ளியது என்பது மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, ஒரே மாதிரிப் பயம் டோக்கியோவில் ஒரு விலைக்கும் ஹாங்காங்கில் வேறு விலைக்கும் விற்கும், இருபத்திரண்டு குறியீடுகளை நாள் முழுக்கத் துழாவி அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் இதன் வேலை. பயம் பெரிது, நடப்பு அமைதி என்றால் அந்தப் பயத்தை விற்பது லாபம் என்று பச்சைப் புள்ளி வைக்கும். அப்பாவின் நாடிக்கு யாரும் காப்புறுதி வாங்கி விற்பதில்லை, ஆகையால் பயத்தின் எண்ணை நானே கொடுத்தேன், போன தீபாவளிக்கு முப்பது என்று தட்டினேன், ஒரு மகன் படவேண்டிய கவலை முப்பது என்று எதை வைத்து முடிவு செய்தேனோ, பிறகு அதை மாற்ற நினைவே வரவில்லை. பயம் முப்பது, நடப்பு அமைதி. கருவியைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தக் கைக்கடிகாரம் நான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. நாடியை நிமிடத்துக்கு நிமிடம் அளந்து அனுப்பும், சுங்காயில் அவர் கையிலிருந்து கிளம்பி எங்கெங்கோ சுற்றி ஈப்போவில் என் திரைக்கு வந்து சேரும். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் டிரெசராக இருந்தவர், டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார், மற்ற ஆறு நாளும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அவர்தான், ஆயிரக்கணக்கான மணிக்கட்டுகளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தவர், அவர் கையிலேயே நான் நாடி பார்க்கும் சாமானைக் கட்டினேன். வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டார். எனக்கு அதில் சுயநலமும் உண்டு, ஒளிப்பானேன், கருவியைச் சோதிக்க இருபத்துநாலு மணி நேரமும் நிற்காமல் ஓடும் ஓர் எண் வேண்டியிருந்தது, சந்தைகள் எல்லாம் சாயங்காலம் கடையைக் கட்டிவிடும், அப்பா கட்டமாட்டார்... தை மாதம் அக்கா வந்து சண்டை போட்டாள், ரப்பர் மரத்தை எல்லாம் வெட்டிச் செம்பனை போட்ட பிறகு அந்தப் பக்கத்தில் மனுச நடமாட்டமே இல்லை, அப்பாவைத் தைப்பிங்குக்கு என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று. நான்தான் தடுத்தேன். அவருக்கு அங்கேதான் பிடித்திருக்கிறது, நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், அக்கா, தூங்குகிறாரா நடக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியும் என்று போனைத் திறந்து காட்டினேன். அறுபத்தெட்டு. அவள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள்தான் இன்று எட்டு மணிக்குக் கூப்பிட்டாள். வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை, வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும், கல்வெட்டு என்று எங்கள் ஆட்கள் சொல்வது, முதல் பக்கத்தில் அப்பா படம், அதன் கீழே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா. அந்தத் திதியில்தான் சிக்கல். அப்பாவைப் பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணன் பார்த்தது சாயங்காலம் நாலு மணிக்கு. உயிர் காலையிலேயே போயிருக்கும், எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் எப்போதோ என்றுதான் டாக்டர் சொன்னார். அன்றைக்குப் பத்து நாற்பத்திரண்டு வரை ஏகாதசி, அதற்குப் பிறகு துவாதசி. இனி வருஷா வருஷம் எந்த நாளில் அவருக்குப் படையல் போடுவது என்பது அந்த நிமிடத்தில் தொங்குகிறது. வெண்பா எழுதும் வாத்தியார் இரண்டு திதிக்கும் இரண்டு வெண்பா எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கிறாராம். அக்காவுக்கு ஏகாதசி வேண்டும், வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஏகாதசி என்று சொல்லும்போது குரல் இளகியது, நல்லவர்கள் போகும் நாள் அது என்று அவள் நம்புகிறாள். "பன்னெண்டு மணிக்குள்ள பாத்துச் சொல்லிடு தம்பி, அச்சகத்துல காத்துக்கிட்டு இருக்காங்க. நீதானே பாத்துக்கிட்டு இருந்த." குத்திப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சரி என்றேன்.

பத்தரை. டோக்கியோ சாப்பாட்டுக்குக் கலைகிறது, ஒரு மணி நேரம் அங்கே ஒருவரும் வாங்கவோ விற்கவோ மாட்டார்கள், ஆனால் என் திரையில் டோக்கியோவின் கோடு நிற்கவில்லை, மெதுவாக ஏறுகிறது, இறங்குகிறது. இதற்கும் காரணம் நான்தான். ஆரம்பத்தில் சந்தை மூடியதும் கோடு செத்துப்போய்ப் படுத்துவிடும், துள்ளலே இல்லாத அந்தப் படுக்கையைக் கருவி பேரமைதி என்று எடுத்துக்கொண்டு பச்சைப் புள்ளியாக வைத்துத் தள்ளும், விசாலி ஒரு தடவை நம்பிக் கைவைக்கப் போய் நூலிழையில் தப்பினாள். அதன் பிறகு ஒரு நிரப்பி எழுதினேன். எண் வராத நேரங்களில் கடந்த அறுபது நாளில் அதே மணிக்கு அது எப்படித் துள்ளியதோ அந்த மாதிரியே சீட்டுக் குலுக்கி ஒரு பொய் எண்ணை எடுத்துப் போடும், யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. திரையில் காட்டாத ஓரப் பத்தி ஒன்றில் மட்டும் குறித்து வைக்கும், வந்த எண் என்றால் ஒன்று, நிரப்பிய எண் என்றால் சுழி. அளவுக்கு மீறி நிரப்பிவிடக் கூடாது என்று ஒவ்வொரு சந்தைக்கும் விடுமுறை நாள் அட்டவணையும் கொடுத்தேன், ஜப்பானுக்கு, கொரியாவுக்கு, தீபாவளிக்கு இந்தியாவில் ஒரே ஒரு மணி நேரம் திறப்பார்களே அதுகூட உண்டு, அட்டவணை வந்ததும் நிரப்பி நின்றுவிடும். அப்பாவுக்கு மட்டும் அட்டவணை போடவில்லை. ஒரு மனுசனின் நாடிக்கு விடுமுறை என்று எதைப் போடுவது? அதனால் நிரப்பிக்கு நிற்கச் சொல்ல ஆளில்லை, நிரப்பிக்கொண்டே இருக்கிறது. இதோ அறுபத்தொன்பது. சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து தொண்ணூறு வரை போகும், அவர் செம்பனைப் பாதையில் நடக்கிற நேரம் அது, நேற்றும் போனது, நான் பார்த்தேன்.

அப்படியானால் அந்தக் காலை... இதைத்தான் இருபத்தெட்டு நாளாக நினைக்காமல் இருந்திருக்கிறேன். அன்றும் இதே நாற்காலி. ஒன்பது மணிக்குப் பார்த்தேன், அறுபத்தாறு. பத்து மணிக்குப் பார்த்தேன், அறுபத்துநாலு, நன்றாகத்தான் இருக்கிறார், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்தது மட்டுமா, சந்தோஷப்பட்டேன், வேலை கெடாமல் இருந்ததற்காகச் சந்தோஷம். பதினொன்று, பதினொன்றரை, எல்லாம் அறுபதுகள். அதில் எது அவருடையது, எதிலிருந்து என்னுடையது? ஏதோ ஒரு நிமிடத்தில் ஒன்று சுழியாக மாறியிருக்கும், அதுதான் அக்கா கேட்கும் நேரம், அதற்குப் பிறகு வந்த எல்லாமே நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். ஓரப் பத்தியைத் திறக்க இரண்டு தட்டுப் போதும். இருபத்தெட்டு நாளும் திறக்கவில்லை. எட்டரை என்று இருந்துவிட்டால்? எட்டரைக்கு நான் இங்கே இருந்தேன், காரை எடுத்திருந்தால் ஒரு மணி நேரம், பத்துமலை அண்ணனுக்குப் போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடம். கோழை என்று திட்டிக்கொண்டேன், திட்டிக்கொள்வது எனக்குச் சுலபமாக வருகிறது, தட்டுவதுதான் வரவில்லை. பத்து நாற்பத்திரண்டும் ஆகிவிட்டது, திரையில் அறுபத்தெட்டு.

கடிகாரம் அவர் கையில் இருந்ததா? திடீரென்று இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது... நான்தான் அவர் வலது கையைத் தூக்கிப் பிடித்தேன், குளிப்பாட்டும்போது, எண்ணெயும் அரப்பும் வைக்கும்போது, கை கனத்தது நினைவிருக்கிறது, நகங்கள் சுத்தமாக வெட்டியிருந்தது நினைவிருக்கிறது, டிரெசர் நகம், இடது கை யார் பக்கம் இருந்தது? அக்கா வீட்டுக்காரர், மச்சான் பக்கம். அவர் எதையும் கழற்றித் தந்ததாக ஞாபகம் இல்லை. சாமான்களைப் பையில் போட்டபோது மூக்குக் கண்ணாடி இருந்தது, அடையாள அட்டை இருந்தது, மருந்துச் சீட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றியிருப்பார்களோ? ஆஸ்பத்திரிக்கு முன்னால் பத்துமலை அண்ணன்? சித்திரைப் பிறப்புக்குப் போனபோது கையில் கட்டியிருந்தார், அது நிச்சயம், கடிகாரத்தின் முகம் கறுப்பாக இருந்தது, சார்ஜ் போட்டீர்களா அப்பா என்று கேட்டேன், போட்டேன் போட்டேன் என்று கையைப் பின்னால் கொண்டுபோனார். எதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோனார்? ஓரப் பத்தியைத் தட்டிவிட்டேன். யோசித்துத் தட்டவில்லை, விரல் தானாகப் போய்விட்டது.

சுழி. அன்றைய தேதி, காலை எட்டு, சுழி. ஏழு, சுழி. ஆறு, ஐந்து, நாலு... அப்படியானால் இராத்திரியே போய்விட்டாரா, டாக்டருக்குத் தப்பா? முந்தின நாள். சுழி. முந்தின நாள் சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போய் வந்ததைப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். இன்னும் மேலே போனேன், அந்த வாரம் முழுக்கச் சுழி, ஆடி மாதம் சுழி, சித்திரைப் பிறப்பு, நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வடை தின்ற அந்த மத்தியானம், சுழி. பங்குனி, மாசி, சுழி சுழியாக மேலே ஓடிக்கொண்டே போய், தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு ஒன்று வந்தது. எண் எழுபத்தைந்து. அப்பாவிடமிருந்து எனக்கு வந்த கடைசி எண் அதுதான். அதன் பிறகு ஏழு மாசம் என்னிடம் வந்த ஒவ்வொரு நாடியும் நிரப்பி போட்டது, முதல் இரண்டு மாசம் அவருடைய பழைய நாட்களைப் பார்த்துப் போட்டது, அந்த நாட்களும் தீர்ந்த பிறகு தான் போட்ட பொய்யைப் பார்த்தே அடுத்த பொய்யைப் போட்டது, அதைப் பார்த்து அடுத்தது. அது என்ன நடந்தாலும் நாலு மணிக்கு எழுந்து நடக்கிறது. அறையில் யாரோ இருக்கிறார்கள் என்று ஒரு எண்ணம், திரும்பிப் பார்க்கவும் செய்தேன், வெட்கக்கேடு. யாருமில்லை. நான் ஏழு மாசம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

பொறு, அது எப்படி, அவர் பதில் சொன்னாரே. நூற்றைந்துக்கு மேல் போனால், ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் என் போன் அடிக்கும்படி வைத்திருந்தேன், அடித்ததும் சுங்காய் வீட்டு போனுக்குக் கூப்பிடுவேன். அப்பா, நூற்றுப் பத்துக் காட்டுதே, என்ன செய்கிறீர்கள்? ஆமாப்பா, இப்பதான் பின்னால போய்த் தேங்காய் பொறுக்கிட்டு வந்தேன். ஒரு தடவை நாற்பத்தெட்டு, அசந்து தூங்கிட்டேன், நீ கூப்பிட்டுத்தான் முழிச்சேன். ஒரு தடவை நூற்றுப் பதினாறு, நான் பதறிப்போய்க் கத்தினேன், அவர் நிதானமாக, காப்பி ரெண்டு குவளை குடிச்சுட்டேன், கெட்டியா வேற போட்டுட்டேன், பத்து நிமிஷத்துல இறங்கிடும் பாரு என்றார், இறங்கியது, நானும் டிரெசர் என்றால் டிரெசர்தான் என்று மெச்சிக்கொண்டேன். அப்படி எத்தனை தடவை? பத்தொன்பதோ இருபதோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், எண்ணுக்கு ஏற்ற காரணம், ஒன்றுகூடப் பிசகவில்லை. கையில் கடிகாரம் இல்லாத மனுசர், கருவி குலுக்கி எடுத்த சீட்டுக்கு ஒரு கதை சொல்லி, அதை நானும் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டீர்களா மழையா என்று இரண்டு வார்த்தை பேசி, வைத்துவிட்டேன். யார் யாரிடம் பேசினது அது? பத்துமலை அண்ணனின் நம்பரைத் தேடி அழுத்தினேன்.

பத்துமலை அண்ணன் அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது அப்பா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஆடு வளர்க்கிறார். தயங்கித் தயங்கி அந்தக் கடிகாரம் எங்கே என்று கேட்டேன். மருந்து அலமாரியிலே கிடக்கிறது தம்பி என்றார், தைப்பூசத்துக்கு மறுநாளே கழற்றிவிட்டாராம், வியர்வையில் வார் பட்டுக் கை அரிக்கிறது என்று, அதற்கப்புறம் நான் வருகிற நாளில் மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்வாராம். அவரே தொடர்ந்தார், நான் கூப்பிடும் சாயங்காலங்களில் பாதி நாள் அவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாராம், போனை வைத்ததும் அப்பா தன் கையைத் தானே பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாராம், எழுபத்திரண்டு என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாராம். ஏன் அண்ணே, அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அதைக் கழற்றிவிட்டேன் என்று.

"நானும் கேட்டேன் தம்பி. உங்க மகன் பாவம், பதறிக்கிட்டு கூப்பிடுது, சொல்லிருங்க ஐயான்னு." பின்னால் ஆடு கத்தியது. "ஐயா சொன்னாரு, சொன்னா அவன் அதைச் சரி பண்ணிருவான் பத்துமலைன்னு."

நன்றி சொன்னேனா, வியாழக்கிழமை வாருங்கள் என்று சொன்னேனா, ஒன்றும் நினைவில்லை, போன் மேசையில் கிடந்தது, டோக்கியோ திரும்ப வந்துவிட்டது, பதினொன்றே முக்காலுக்கு இந்தியாவும் திறந்துவிட்டது, திரை முழுக்க உண்மையான எண்கள் ஓடின. சரி பண்ணியிருப்பேன். சத்தியமாகச் சரி பண்ணியிருப்பேன், அன்று சாயங்காலமே. வேறு கடிகாரம் வாங்கி, வேறு வார் போட்டு, நிரப்பியை அணைத்து, அவருடைய எழுபத்திரண்டு ஒழுங்காக வந்து சேரும்படி செய்திருப்பேன், போனும் அடித்திருக்காது. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். அந்தக் கடைசிக் காலையில் நிரப்பி மட்டும் ஒரு கோணல் சீட்டை எடுத்திருந்தால், நூற்றெட்டோ நாற்பத்தேழோ ஏதோ ஒன்று, நான் கூப்பிட்டிருப்பேன், மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும், எடுக்கவில்லை என்று பத்துமலை அண்ணனை ஓடச் சொல்லியிருப்பேன்... அது அறுபத்துநாலை எடுத்துப் போட்டது. நல்ல எண். அந்த நல்ல எண்ணை நான் நம்பினேன்.

அக்கா கூப்பிட்டபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. பார்த்துவிட்டாயா தம்பி என்றாள். என்னிடம் நேரம் இல்லை, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை யாரிடமும் இல்லை, அந்த நாலு மணி நேரமும் வெறும் சுழி. கடிகாரமே கையில் இல்லை அக்கா என்று சொல்லவேண்டும், தை மாசம் நான் உன்னிடம் காட்டிய மாதிரி எதையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை என்று சொல்லவேண்டும், நீ அவரைத் தைப்பிங்குக்குக் கொண்டுபோயிருக்கவேண்டும், நான்தான் குறுக்கே நின்றேன் என்று சொல்லவேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பத்து இருபது அக்கா" என்றேன், "ஏகாதசிதான்." ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு, பிறகு அழுகை, நிம்மதியான அழுகை. நாடி எப்படி இருந்தது, கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள். இல்லை அக்கா, மெதுவாக இறங்கி நின்றிருக்கிறது, தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றேன், அறுபத்துநாலு, ஐம்பத்தெட்டு, ஐம்பது என்று எண்கூடச் சொன்னேன், யாரும் கேட்காமலே. வாத்தியாரிடம் ஏகாதசி வெண்பாவை அனுப்பச் சொல்கிறேன் என்று வைத்தாள்.

விசாலிக்குப் பதில் போட உட்கார்ந்தேன். அது சோதனைக்கு வைத்தது, விசாலி, எடுத்துவிடுகிறேன் என்று எழுதினேன், எடுத்துவிடுகிறேன் என்ற சொல்லுக்குப் பிறகு கை நின்றது, எஸ்ஜிகேயை அழிக்கும் பட்டனின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. அதில் அவருடையது ஒன்றுமே இல்லை என்று தெரியும், ஏழு மாசமாக ஒரு துடிப்புக்கூட அவருடையது இல்லை. தெரிந்து என்ன? எழுபத்தொன்று என்றது. எழுபத்துநாலு. எண்பத்தெட்டு. இந்த நேரத்தில் ஏன் ஏறுகிறது, நாலு மணிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறதே... நூற்றொன்பது, போன் அடித்தது, அப்பா என்று பெயர் போட்டு அடித்தது. அடிக்கும்படி வைத்தவன் நான்தான், எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கட்டைவிரல் சுங்காய் வீட்டு எண்ணை அழுத்திவிட்டது, வியாழக்கிழமை முடியும்வரை இணைப்பை வெட்டவேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். பூட்டிய வீட்டுக்குள் மணி அடிப்பது எனக்குக் கேட்டது. மூன்று, நாலு, ஐந்து. யாராவது எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று மனம் அவசர அவசரமாகத் தேடியது, அப்பா, நூற்றொன்பது காட்டுதே, என்ன செய்கிறீர்கள் என்பதைத் தவிர அவரிடம் கேட்க எனக்கு வேறொன்றும் வரவில்லை.